மலையடிவாரத் தோட்டங்களில் கல் ஊன்றும் பணி: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், வேலை நாளாக இருந்தும் வந்து அமர்ந்திருக்கும் திராட்சை விவசாயிகள் அனைவருக்கும் வணக்கம். நமது சங்கத்தின் 2024-25ஆம் ஆண்டு அறிக்கையைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

பொதுக்குழு ஒரு முறையும் செயற்குழு ஆறு முறையும் கூடின. தோட்டக்கலைத் துறை அலுவலர் ஒருவர் வந்து கவாத்து பற்றி விளக்கினார். அடிச்சாம்பல் நோய்க்கு மருந்தடிக்கும் முறை குறித்து ஒரு முகாம் நடந்தது. பொங்கல் விழா வழக்கம்போல நடைபெற்றது. மறைந்த மூத்த உறுப்பினர்கள் இருவருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

விரிவாகச் சொல்ல வேண்டியது, அடிவாரத் தோட்டங்களில் பந்தல் கல், அதாவது திராட்சைக் கொடி படரும் கம்பிப் பந்தலைத் தாங்கும் கல்தூண், ஊன்றிய பணியைப் பற்றித்தான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, புதிதாகக் கொடி வைக்க விரும்புவோர் நம் பக்கத்திலும் கூடியிருக்கிறார்கள். ஆனால் 1895 முதல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் பள்ளத்துப் பூமி வேறு, கிணற்றை நம்பி மேட்டில் கிடக்கும் நம் பூமி வேறு. அங்கே 9 அடிக் கல்லை இரண்டடிக்கு மேல் குழி பறித்து இறக்கி, சுற்றிலும் மண்ணைப் போட்டு இடித்து இறுக்கினால் பந்தல் ஒரு தலைமுறைக்கு நிற்கும். இங்கே ஓரடி, மிஞ்சினால் ஒன்றரை அடி செம்மண், அதற்குக் கீழே சரளை, அதற்கும் கீழே தாய்ப்பாறை. கடப்பாறை பட்டதும் கைதான் அதிருமே தவிரக் குழி இறங்காது.

இந்த வேலையை நான் கையில் எடுத்ததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். முந்தைய ஆண்டு ஆடிக்காற்றில் சாய்ந்த பந்தல் என்னுடையது. மேற்கு மூலைக்கல் தன் அடியில் போட்டிருந்த கான்கிரீட் கட்டியோடு அப்படியே பெயர்ந்து விழ, அதன் பின்னே ஒரு வரிசை முழுவதும் படுத்தது. பழம் பிடித்திருந்த கொடிகள் தரையில் கிடந்தன. மறுநாள் காலையில் அந்தக் கட்டியைப் புரட்டிப் பார்த்தபோது அதன் அடிப்பாகத்தில் செம்மண்ணும் கோரைவேரும் ஒட்டியிருந்தனவே தவிர, பாறையின் ஒரு சில்லுகூட ஒட்டியிருக்கவில்லை. பாறையின் மேல் மண் படிந்திருக்க, அந்த மண்ணின் மேல் கலவையைக் கொட்டியிருக்கிறோம். ஏழு மூட்டை சிமென்ட் கூடுதலாகப் போட்டிருந்தாலும் அது பாறையைப் பிடித்திருக்காது.

அதன் பிறகுதான் எந்தக் கல் எதைத் தாங்குகிறது என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். பந்தலின் உட்பகுதியில் நிற்கும் கல் கொடியின் எடையையும் பழத்தின் எடையையும் நேர் கீழாகத் தாங்குகிறது. அதற்கு ஆழம் பெரிதல்ல, அடி நழுவாமல் இருந்தால் போதும். ஓரக்கல்லும் மூலைக்கல்லும் அப்படியல்ல, இறுக்கிய கம்பிகள் அனைத்தும் அவற்றைத்தான் உள்நோக்கி இழுக்கின்றன. ஆகவே ஏக்கருக்கு 15 அடி இடைவெளியில் ஏறத்தாழ 200 கல் ஊன்றுகிறோம் என்றால், 200-க்கும் பாறையை உடைத்துக் குழி பறிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஓரத்தில் நிற்கும் கற்களைச் சரியாகக் கட்டிவிட்டால் உள்ளே நிற்பவை தாமாக நிற்கும். இத்தனை ஆண்டுகளாக நாம் எல்லாக் கல்லுக்கும் ஒரே மாதிரிப் பாடுபட்டு, பாடுபட வேண்டிய கல்லுக்குப் போதிய பாடு படாமல் விட்டிருக்கிறோம்.

ஓரக்கல்லைப் பிடிப்பது இழுவைக் கம்பி. ஆழ மண்ணில் மூன்றடிக்குக் கீழே ஒரு கல்லைப் படுக்கவைத்துப் புதைத்து அதில் கம்பியைக் கட்டுவது நம் வழக்கம். பாறையில் புதைக்க வழியில்லை என்பதால், பாறையிலேயே துளையிட்டு 20 எம்.எம். முறுக்குக் கம்பியைச் சிமென்ட் குழம்பில் பதித்தோம். துளை 36 எம்.எம். அகலம், நல்ல பாறைக்குள் இரண்டடி ஆழம். மேலே பொரிந்து உதிரும் நாலைந்து அங்குலத்தை ஆழக் கணக்கில் சேர்க்கவில்லை. துளையின் சாய்வு, கம்பி இழுபடும் திசைக்கு நேராக இருக்க வேண்டும். கோணல் மாணலாக இருந்தால் காற்றடிக்கும்போதெல்லாம் முறுக்குக் கம்பி வளைந்து வளைந்து துளையின் வாயை உடைத்துவிடும்.

துளை எங்கே இருக்க வேண்டும் என்பதில் பலரும் தவறு செய்கிறோம். கல் தரைக்கு மேல் 7 அடி நின்றால், பிடிமானம், அதாவது பாறையில் பதித்த முறுக்குக் கம்பி, கல்லிலிருந்து 7 அடி தள்ளி இருப்பது நல்லது. வரப்பு இடிக்கிறது, டிராக்டர் திரும்ப இடமில்லை என்று அதை மூன்றரை அடியில் அடித்தால், முறுக்குக் கம்பியை மேல்நோக்கிப் பிடுங்கும் விசை சரியாக இரண்டு மடங்காகிறது. இடம் விட மனமில்லாமல் அந்த மூன்றரை அடியைக் காப்பாற்றிய தோட்டங்களில்தான் இன்றும் கம்பி தளர்ந்து தொங்குகிறது. என் தோட்டத்திலும் அதைத்தான் செய்திருந்தேன்.

துளையிட்ட பிறகு செய்யும் வேலை சிறியது, ஆனால் பந்தலின் ஆயுள் அதில்தான் இருக்கிறது. துளைக்குள் தங்கும் பாறை மாவை மிதிவண்டிக் காற்றுப் பம்பில் நீளமான குழாயைச் செருகி ஊதி வெளியேற்றினோம். ஊதியதும் மாவு வெண்புகையாக எழும்பி முகமெல்லாம் அப்பிக்கொள்ளும். புகை நின்ற பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவி, மீண்டும் ஊதி, சுவர் ஈரமாக இருக்கும்போதே குழம்பை ஊற்றிக் கம்பியைத் திருகித் திருகி இறக்கினோம். மாவு தங்கிய துளையில் சிமென்ட் மாவைத்தான் பிடிக்கும், பாறையைப் பிடிக்காது. பின்னர் ஈரச் சாக்கைப் போர்த்தி, குறைந்தது ஏழு நாள் கழித்தே இழுவைக் கம்பியைக் கட்டினோம், முழு இறுக்கம் 28 நாளுக்குப் பிறகு. மறுநாளே கம்பியை முறுக்கிப் பார்த்த ஒரு தோட்டத்தில் மூன்று துளைகள் வீணாயின.

உட்கற்களுக்கு மண்ணை வழித்தெடுத்து, பாறையை இரும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, கல் நிற்கும் இடத்தைச் சுற்றி நான்கு 12 எம்.எம். கம்பித் துண்டுகளை அரை அடி ஆழத்துக்குப் பாறையில் பதித்து, அவற்றைச் சேர்த்துக் கட்டி, ஒன்றரை அடிச் சதுரத்தில் கான்கிரீட் போட்டோம். அதன் மேல்தளத்தை வெளிப்பக்கம் சரித்துவிட்டதால் மழைத்தண்ணீர் கல்லடியில் தேங்கவில்லை. ஓரடி ஆழமே போதும் என்று ஆனதால் 9 அடிக்குப் பதிலாக 8 அடிக் கல் வாங்க முடிந்தது. 6 அங்குலச் சதுரக் கருங்கல் 9 அடிக்கு ஏறத்தாழ 170 கிலோ. அதில் ஓரடி குறைந்தால் 19 கிலோ குறைகிறது. வண்டி ஏறாத மேட்டில் தோளில் சுமந்து கல் ஏற்றும் நால்வருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை, சுமந்தவர்கள் இங்கேயே அமர்ந்திருக்கிறார்கள், அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வேலைக்கு முன் ஒவ்வொரு புள்ளியிலும் கடப்பாறையால் குத்திப் பார்த்துச் சுண்ணாம்பால் குறித்தோம். தாய்ப்பாறையில் பட்டால் கணீரென்று ஒலித்துக் கடப்பாறை எகிறும். மண்ணுக்குள் கிடக்கும் உருட்டுக் கல்லில் பட்டால் 'தொம்'மென்று அடங்கும். உருட்டுக் கல்லில் கம்பி பதித்தால் காற்று அந்தக் கல்லையே சேர்த்து இழுத்து வந்துவிடும் என்பதால், அத்தகைய இடங்களில் கல்லைப் புரட்டி எடுத்துவிட்டோ, வரிசையிலேயே ஓரடி நகர்ந்தோ துளையிட்டோம். மண் ஆழமாக அகப்பட்ட இடங்களைக் கொடிக் குழிக்கென்று ஒதுக்கி வைத்ததும் இந்தக் குறிப்பால்தான். வெடி வைத்துக் குழி எடுக்கலாம் என்று சிலர் சொன்ன யோசனையை நான் ஏற்கவில்லை. அனுமதிச் சிக்கல் ஒருபுறம் இருக்க, வெடி சுற்றுப் பாறையிலும் விரிசல் விட்டுவிடும். விரிசல் விட்ட பாறையில் எந்தப் பிடிமானமும் நிற்காது.

ஹேமர் டிரில்லும் ஜெனரேட்டரும் சங்கப் பணத்தில் வாங்கியது பற்றி எழுந்த பேச்சுக்கு இங்கே பதில் சொல்வது என் கடமை. பாறையில் துளையிடும் கம்ப்ரசர் பொருத்திய டிராக்டரை வாடகைக்குப் பிடித்தால் போதாதா என்று கேட்டார்கள். மேல்தோட்டங்களுக்கு டிராக்டர் ஏறாது என்பதும், பாறை உள்ள தோட்டங்கள் பெரும்பாலும் மேலேதான் இருக்கின்றன என்பதும் கேட்டவர்களுக்கும் தெரியும். செயலாளர் தன் பந்தலுக்காகவே இயந்திரம் வாங்கினார் என்ற பேச்சும் என் காதுக்கு வந்தது. பதிவேடு மேசைமேல் இருக்கிறது. இயந்திரம் முதலில் சென்றது இரண்டு ஏக்கருக்குக் குறைவாக வைத்திருக்கும் எட்டுப் பேரின் தோட்டங்களுக்கு. என் தோட்டம் ஒன்பதாவது. அதற்குள் இரண்டாவது ஆடியும் வந்து போய்விட்டது. அந்த எட்டுத் தோட்டங்களிலும் புதிதாகப் பதித்த பிடிமானங்களில் ஒன்றுகூட அசையவில்லை என்பதையும் அதே பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்.

வருத்தத்துடன் குறிப்பிட வேண்டியவையும் உண்டு. ஆறு செயற்குழுக் கூட்டங்களில் நான்கில் வருகை போதாமல் ஒரு மணி நேரம் காத்திருந்தே தொடங்கினோம். உறுப்பினர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பகுதியினர் இவ்வாண்டுச் சந்தாவை இன்னும் செலுத்தவில்லை. அவர்களில் சிலருக்கு அதற்கு முந்தைய ஆண்டும் நிலுவை. சந்தா கட்டாதவர்களும் இயந்திரத்தை எடுத்துச் சென்றார்கள், நானும் கொடுத்தேன், ஏனென்றால் கொடி நடும் பருவம் நமக்காகக் காத்திருப்பதில்லை. ஆனால் இருமுறை டிரில் பிட் முனை முழுவதும் மழுங்கித் திரும்பி வந்தது, ஒரு முறை ஜெனரேட்டர் எண்ணெய் வற்றிய நிலையில் திரும்பி வந்தது. யார் என்று நான் பெயர் சொல்லப் போவதில்லை. பழுது பார்த்த செலவைச் சங்கம் ஏற்றது, அதாவது சந்தா கட்டியவர்கள் ஏற்றார்கள்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தாவும் நன்கொடையும் வரவின் பெரும்பகுதி. இயந்திரமும் அதன் பராமரிப்பும் செலவின் பெரும்பகுதி. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு என்றாலும் கடன் ஏதும் இல்லை, ரசீதுகள் அனைத்தும் கோப்பில் உள்ளன.

கூட்டம் நடத்த இடம் தந்த கோயில் நிர்வாகத்தினருக்கும், துளையிடும் முறையைக் கற்றுத்தந்த கொத்தனாருக்கும், வெயிலில் கல் ஏற்றிய தொழிலாளர்களுக்கும், எனக்குத் துணைநின்ற தலைவருக்கும் பொருளாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பதினொரு தோட்டங்கள் பதிவு செய்துள்ளன. இருக்கும் இயந்திரம் ஒன்று, அதைத் தூக்கிச் செல்லவும் துளைகளைச் சரிபார்க்கவும் இதுவரை வந்துகொண்டிருப்பது நானும் இன்னும் இருவரும். எனக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது, மேல்தோட்டம் ஏறி இறங்கினால் முழங்கால் வலி இரண்டு நாள் நடக்க விடுவதில்லை. இளைஞர்களில் நால்வர் முன்வந்தால் மாசி மாதத்துக்குள் அவர்களுக்குத் துளையிடவும் பதிக்கவும் கற்றுக்கொடுத்துவிட முடியும். நிலுவைச் சந்தா வந்து சேர்ந்தால் இரண்டாவது டிரில்லுக்கு முன்பணம் கட்டலாம். ஆனி பிறப்பதற்குள் பதினொரு தோட்டங்களிலும் மூலைக்கல் பிடிமானங்களையாவது முடித்துவிட வேண்டும் என்பது என் விருப்பம். செயலாளர் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பதைப் பொதுக்குழு இன்றே முடிவு செய்தாலும், மீண்டும் என்னிடமே தந்தாலும், பதிவேடும் டிரில் பெட்டியின் சாவியும் இந்த மேசைமேல் இருக்கின்றன. சந்தா ரசீதுப் புத்தகத்துடன் பொருளாளர் வாசலருகே அமர்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்