பத்து கிராம் காட்டும் தராசு ஒன்று கேட்கிறேன்

சுகாதாரத் துறையில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில், குறைமாதத்தில் பிறந்த என் இளைய குழந்தையைத் தொங்கு தராசில் இட்டு எடை பார்த்தார்கள். முள் 2.1 கிலோவில் நின்றது. அதற்கு முந்தைய புதன்கிழமையும் 2.1 கிலோதான். ‘ஒரு வாரமாக எடை ஏறவில்லை. தாய்ப்பால் போதவில்லை. பவுடர் பால் தொடங்கவும்’ என்று அட்டையில் எழுதி, மாவட்டத் தலைநகரில் இருக்கும் மருத்துவமனைக்குப் போகச் சீட்டு கொடுத்தார்கள். மறுநாள் 58 கிலோமீட்டர் பஸ்ஸில் போனோம். அங்கே டிஜிட்டல் தராசு 2 கிலோ 150 கிராம் காட்டியது. பிறந்தபின் மருத்துவமனையிலிருந்து முதன்முதலாக வீட்டுக்கு அனுப்பிய அன்று அவள் 1,640 கிராம். இடைப்பட்ட 28 நாட்களில் 510 கிராம் ஏறியிருக்கிறாள். “மெதுவாகத்தான் ஏறுகிறது. ஆனால் ஏறிக்கொண்டே இருக்கிறது. எதற்காக இவ்வளவு தூரம் அலைந்தீர்கள்?” என்று மருத்துவர் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் எடுத்து வந்திருக்கிறேன்.

என் பிள்ளைகள் இரட்டையர். 31 வாரத்தில் பிறந்தார்கள். மூத்தவன் 1,380 கிராம், இளையவள் 1,190 கிராம். 38 நாட்கள் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார்கள். அங்கே அவர்களைப் பிழைக்க வைத்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நான் பட்ட கடன் தீராது. அதை முதலில் சொல்லாமல் ஒரு குறையையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறைமாதக் குழந்தை ஏன் பால் குடிக்கத் திணறுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இசைந்து வரவே ஏறக்குறைய 34 வாரம் ஆகிறது. அதுவரை வாய் வழியாகக் குழாய், பிறகு சங்கு, அதற்கும் பிறகுதான் மார்பு. எங்கள் வீட்டில் என் பாட்டி காலத்து எவர்சில்வர் சங்கு ஒன்று பரணில் கிடந்தது. மருத்துவமனையில் அதைப் பாலாடை என்றார்கள். தலையை நிமிர்த்திப் பிடித்து, சங்கின் மூக்கை உதட்டோரம் வைத்து, சொட்டுச் சொட்டாக விட்டு, அவள் விழுங்கி ஒரு மூச்சு விடும்வரை காத்திருந்து, மறுபடி விடவேண்டும். அவசரப்பட்டால் புரையேறும். 15 மில்லி உள்ளே போனதும் அவள் உறங்கிவிடுவாள். காதைத் தடவி, உள்ளங்காலைச் சுண்டி எழுப்பி மீதி 12 மில்லியைக் கொடுக்கவேண்டும். குடிக்கும் வேலையிலேயே களைத்துப்போய், குடித்த பாலின் பலத்தைக் குடிப்பதிலேயே செலவழித்துவிடும் குழந்தை அது. உடம்பு குளிர்ந்தால் சூடு காக்கவும் அதே பாலிலிருந்துதான் எடுத்துக்கொள்ளவேண்டும். அதனால் பகலில் என் நெஞ்சோடு ஒன்று, என் அம்மாவின் நெஞ்சோடு ஒன்று என்று கட்டிக்கொண்டே கிடந்தோம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றால் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 12 தடவை. இரண்டு குழந்தைகளுக்கு 24. ஒரு தடவைக்கு 40 நிமிடம். இருவரும் குடித்து முடிக்கும்போது 80 நிமிடம் போயிருக்கும். பிறகு நான் பால் பீய்ச்சவேண்டும், சங்கையும் கிண்ணத்தையும் கொதிக்க வைக்கவேண்டும். அதற்குள் மூத்தவனின் அடுத்த முறை வந்துவிடும். முன்பாலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, கொழுப்பு மிகுந்த பின்பாலை இளையவளுக்குக் கொடுக்கச் சொல்லித் தந்தார் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஒரு செவிலியர். அப்படியே செய்தேன். ஒரு நோட்டில் ஒவ்வொரு மில்லியையும் எழுதி வைத்தேன். இத்தனையும் செய்த ஒருத்தியின் அட்டையில் ‘தாய்ப்பால் போதவில்லை’ என்று எழுதப்பட்டது.

எழுதிய கிராம சுகாதார செவிலியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பல ஊர்களுக்கு ஒருவராக வெயிலில் அலைகிறவர். அவர் கையில் இருந்தது நூறு நூறு கிராமாகக் கோடு போட்ட தராசு. நாளுக்கு 15 முதல் 20 கிராம் ஏறும் குழந்தைக்கு ஒரு வாரத்தில் ஏறுவது 105 முதல் 140 கிராம். அதாவது அந்தத் தராசில் ஒரே ஒரு கோடு. முந்தைய வாரம் மழைக்குளிர் என்று ஸ்வெட்டரும் குல்லாவும் சுற்றிய துணியுமாக எடை போட்டார்கள். அந்த வாரம் வெற்றுடம்போடு போட்டார்கள். அவள் ஏறிய எடையும் கழற்றிய துணியும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. முள் இருந்த இடத்திலேயே நின்றது. செவிலியர் கண்ணில் கண்டதை எழுதினார். அவருக்கு வேறு என்ன தெரிந்திருக்கமுடியும்?

அட்டையில் இன்னொன்றும் நடந்தது. அவள் பிறந்து 66 நாள் ஆனதால் இரண்டு மாதக் கட்டத்தில் புள்ளி வைத்தார்கள். இரண்டு மாதப் பெண் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நடுக்கோடு 5.1 கிலோ. என் மகளின் புள்ளி சிவப்புக்கும் கீழே, அச்சு இல்லாத வெள்ளைக் காகிதத்துக்குப் போய்விட்டது. ஆனால் 31 வாரத்தில் பிறந்தவள், 9 வாரமும் 3 நாளும் கடந்திருக்கிறாள். 40 வாரம் நிறைந்து அவள் பிறந்திருக்கவேண்டிய நாள் தாண்டி மூன்றே நாள்தான் ஆகியிருந்தது. அந்த நாளிலிருந்து எண்ணும் திருத்திய வயதில் வைத்துப் பார்த்தால் அவளை ஒப்பிடவேண்டியது அன்றைக்குப் பிறந்த குழந்தையின் 3.2 கிலோவோடு. அப்போதும் அவள் சிறியவள்தான், நான் மறுக்கவில்லை. கவனிக்கப்படவேண்டிய குழந்தைதான். ஆனால் கவனிக்கப்படவேண்டிய குழந்தை வேறு, தாய் பட்டினி போட்ட குழந்தை வேறு. அட்டையில் திருத்திய வயது எழுத ஒரு வரி இருந்திருந்தால் அந்த வேறுபாடு தெரிந்திருக்கும்.

என் கோரிக்கை இவ்வளவுதான். பத்து கிராம் வரை காட்டும் குழந்தைத் தராசு ஒன்றை ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்துக்கும் கொடுங்கள். குறைமாதக் குழந்தையின் அட்டையில் திருத்திய வயதை எழுதச் சொல்லுங்கள்.

அந்த வியாழக்கிழமைப் பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். என் கணவர் திருப்பூரில் வேலையில் இருந்தார். அம்மாவும் நானும் ஆளுக்கொரு குழந்தையாகக் கிளம்பினோம். எங்கள் ஊரிலிருந்து நேர் பஸ் கிடையாது. ஓரிடத்தில் மாறவேண்டும். மொத்தம் மூன்று மணி நேரம் ஆகும் என்பதால் வழியில் எப்படியும் ஒரு முறை பால் கொடுக்கவேண்டும். பீய்ச்சிய பாலை மூடி போட்ட கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தேன். நடத்துநர் நல்லவர், முன் இருக்கையை ஒதுக்கிக் கொடுத்தார். ஆனால் ஓடும் பஸ்ஸில் சங்கால் பால் கொடுக்கமுடியாது. முதல் குலுக்கலில் பால் கன்னத்தில் வழிந்தது. இரண்டாவது குலுக்கலில் அவள் மூக்கில் ஏறியது. உதடு நீலம் பாய்ந்தது. முதுகைத் தட்டி, குப்புறப் பிடித்து, அவள் மறுபடி அழும்வரை நான் மூச்சு விட்டேனா என்று எனக்கு நினைவில்லை. ஓட்டுநரிடம் கெஞ்சி, பெயர் தெரியாத ஒரு நிறுத்தத்தில் இறங்கிவிட்டோம். பூட்டிக்கிடந்த டீக்கடையின் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, அம்மா முந்தானையை விரித்து மறைக்க, சிந்தியது போக மீதமிருந்த பாலை இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்தேன். அடுத்த பஸ் வர 50 நிமிடம் ஆனது. எடை ஏறவில்லை என்று சொல்லப்பட்ட குழந்தை, எடை பார்க்கப் போன வழியில் பால் இல்லாமல் கிடந்தது.

புற நோயாளிகள் பிரிவில் இருமலும் காய்ச்சலுமாக நின்றவர்களுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். நான்காம் நாள் மூத்தவனுக்குச் சளி. மூச்சு வாங்கியதால் மறுபடி சேர்த்து, ஐந்து நாள் இருந்து, 110 கிராம் குறைந்து வீட்டுக்கு வந்தான். அந்தச் சளி அங்கேதான் தொற்றியது என்று என்னால் நிரூபிக்கமுடியாது. ஆனால் 110 கிராம் என்பது உங்கள் தராசில் ஒரு கோடு. எங்கள் வீட்டில் அது ஆறு நாள் இரவும் பகலும்.

அட்டையில் இருந்த அந்த வரியைப் படித்த இரவு எனக்குப் பால் குறைந்தது. பீய்ச்சினால் வழக்கத்தில் பாதிகூட வரவில்லை. பக்கத்து வீட்டில் ஒருவர் பவுடர் டின்னையே வாங்கி வந்துவிட்டார், அன்பினால்தான். குறைமாதக் குழந்தையின் குடலுக்குத் தாய்ப்பால் எப்படிப்பட்ட காவல் என்று உங்கள் துறையே ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் முதல் வாரத்தில் சுவரொட்டி ஒட்டுகிறது. 1989-லேயே மும்பை சயான் மருத்துவமனையில் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியது. 2015-லிருந்து நம் அரசு மருத்துவமனைகளிலும் வங்கிகள் இருக்கின்றன. வார்டில் இருந்தவரை என் மகளும் முதல் நாட்களில் யாரோ ஒரு தாய் கொடுத்த பாலைக் குடித்தாள். வீட்டுக்கு வந்தபின் பால் குறைந்தால் எங்கே போவது என்று கேட்டபோது, உள்நோயாளிகளுக்கு மட்டும்தான் என்றார்கள்.

விடுப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். 2017-ல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தி விடுப்பை 26 வாரமாக்கினார்கள். ஒரு குழந்தை பிறந்தாலும் 26, இரண்டு பிறந்தாலும் 26, மூன்று பிறந்தாலும் 26. என் 26 வாரத்தில் ஐந்தரை வாரத்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து கழித்தேன். பிரசவத்தால் தாய் நோயுற்றால் சட்டம் கூடுதலாக ஒரு மாதம் வரை தருகிறது. பிள்ளை இன்னும் பால் குடிக்கக் கற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு அதில் இடமில்லை. தனியார் நிறுவனத்தில் இருக்கும் தந்தைக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. குறைமாதக் குழந்தைகளின் பெற்றோருக்கு அதற்கேற்ற விடுப்பு வேண்டும் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. யார் காதில் விழுந்தது?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தை மாற்றுவது உங்கள் ஒருவர் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும். தராசு உங்கள் கையில் இருக்கிறது.

பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிறப்பு எடை பார்க்க டிஜிட்டல் தராசு இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். எங்கள் பக்கத்தில் இருக்கும் நிலையத்திலும் இருக்கிறது. பிரசவ அறைக்குள் இருக்கிறது. பிறந்தவுடன் ஒரு முறை அதில் எடை போடுகிறார்கள். வெளியிலிருந்து வரும் குழந்தைக்கு அந்த அறைக் கதவு திறப்பதில்லை. தொற்று வந்துவிடும் என்று காரணம் சொல்கிறார்கள். அது நியாயமான காரணம்தான். அப்படியானால் வெளியில் இன்னொன்று வேண்டும்.

மத்திய அரசு எடுக்கும் 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கில், உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவர்கள் நாடு முழுவதும் 28, தமிழ்நாட்டில் 13. அந்த எண்ணைக் கீழே கொண்டுவர எத்தனை பேர் தூக்கமின்றி உழைத்திருப்பார்கள் என்று 38 நாள் கண்ணால் பார்த்தவள் நான். ஒரு கிராம், இரண்டு கிராம் என்று அங்கே தினமும் காலையில் எடை போட்டு, அதைப் பார்த்தே பாலின் அளவைக் கூட்டினார்கள். வார்டின் வாசலைத் தாண்டியதும் அதே குழந்தைக்கு நூறு கிராம் தராசு போதும் என்று எப்படி ஆனது? வீட்டுக்கு வந்த நாளில் அவள் எடை 1,640 கிராம்தானே, அவள் வளர்ந்துவிட்டாளா என்ன?

ஆகவே மறுபடியும், பணிவோடு கேட்கிறேன். பத்து கிராம் காட்டும் தராசு ஒன்று வேண்டும். எல்லா ஊருக்கும் ஒரே நாளில் முடியாதென்றால், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு குறைமாதக் குழந்தை எந்த ஊருக்கு வீடு திரும்புகிறதோ அந்த ஊருக்கு மட்டுமாவது, அது நாலு கிலோவைத் தொடும்வரை, ஒரு தராசை இரவல் கொடுங்கள். அட்டையில் பிறந்த தேதிக்குக் கீழே, பிறந்திருக்கவேண்டிய தேதியையும் எழுத ஒரு வரி விடுங்கள். குழந்தையை ஒவ்வொரு முறையும் துணியில்லாமல் எடை போடவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இளையவள் இப்போது 2 கிலோ 700 கிராம் இருப்பாள் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்லமுடியும். இரண்டு நாளாக மார்பிலேயே பத்து நிமிடம் குடிக்கிறாள், சங்கு வேண்டாமென்று உதட்டை மூடிக்கொள்கிறாள். மார்பில் குடித்தால் எத்தனை மில்லி போனது என்று நோட்டில் எழுதமுடியாது. இனி எடை ஒன்றுதான் எனக்குச் சாட்சி. அடுத்த புதன்கிழமை அதே தொங்கு தராசுக்குத்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போவேன். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் போடச் சொல்வேன்.

இப்படிக்கு,
இரட்டையரின் தாய்