பால் பொங்கிய மறுநாள் வந்தவர்களுக்கு

குட்டியானையில் சாமான் ஏற்றி இறக்குபவர்கள், தொட்டி கழுவுபவர்கள், பிளம்பர் அண்ணன், எலெக்ட்ரீஷியன் தம்பி, தச்சர், சிலிண்டர் போடுபவர், இஸ்திரிக்காரர், எதிர்வீட்டு அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

சென்னையில் எங்கள் அடுக்ககத்தில் பாதி வீடுகளுக்கு மேல் வாடகை வீடுகள். ஆடியும் மார்கழியும் கழிந்தால் வாசலில் வண்டி நிற்கும். பால் காய்ச்சும் அன்று சொந்தபந்தம் வரும், வாழ்த்தும், கேசரி சாப்பிட்டுப் போகும். மறுநாள் காலையில் குழாய் இருமி இருமிக் காற்றை மட்டும் துப்பும்போது வருபவர்கள் நீங்கள்தான். புது சோபாவும் திரைச்சீலையும் கண்ணுக்குத்தான். தண்ணீர் ஒத்துக்கொண்டு, நாற்றம் போய், இருட்டில் கை சரியான சுவிட்சைத் தொடும்போதுதான் அது ‘நம்ம வீடு’. அதைச் செய்து தருபவர்களுக்கு வாழ்த்து அட்டை எதுவும் வருவதில்லை என்பதால் இந்த மடல்.

பாலிலேயே தொடங்கிவிடுவோம். அரை லிட்டர் பாக்கெட்டை மூன்று லிட்டர் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, பொங்கவில்லையே, சகுனம் சரியில்லையோ என்று வாடும் முகங்களைத் தேற்றியவர்கள் எதிர்வீட்டு அக்காமார். பாலின் மேலே படியும் ஆடை, கீழிருந்து வரும் ஆவியை வெளியே விடாமல் பிடித்துக்கொள்வதால்தான் பால் பொங்குகிறது. முக்கால் லிட்டர் பிடிக்கும் சிறிய பாத்திரத்தில், தண்ணீர் கலக்காத அரை லிட்டர் பால் போதும். சகுனத்துக்கு ஒரு குறையும் வராது. அவர்கள் சொல்லும் இன்னொன்று இதைவிட முக்கியம்: வழிந்த பால் பர்னரை அணைத்துவிடும், காஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும், பூஜைக் கூட்டத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள். ஆகவே ஒருவர் கை எப்போதும் அடுப்பின் குமிழில் இருக்க வேண்டும்.

சாமான் ஏற்றுபவர்களுக்கு நன்றி சொல்ல நிறைய இருக்கிறது. கடைசியில் ஏற்றுவதுதான் முதலில் இறங்கும் என்பதால் அடுப்பு, லைட்டர், வாளி, கப்பு, பாய், சார்ஜர் இருக்கும் பெட்டியைக் கேட்டு வாங்கிக் கடைசியாக ஏற்றுகிறீர்கள். ஃபிரிட்ஜைப் படுக்கவைக்க விடமாட்டீர்கள். படுத்தால் கம்ப்ரஸரில் இருக்கும் எண்ணெய் குழாய்க்குள் ஓடிவிடும். படியேறும்போது சாய்க்க நேர்ந்தால், நிமிர்த்தி நிறுத்திக் குறைந்தது நான்கு மணி நேரம் கழித்தே பிளக் செருகச் சொல்கிறீர்கள். கிரைண்டரின் கல்லைக் கழற்றித் தனியாகத் தூக்குவதும் நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷினில் டிரம்மை அசையாமல் பிடிக்கும் போல்டுகளை வாங்கிய அன்றே குப்பையில் போட்டவர்கள்தான் அதிகம். அவை இல்லாமல் தூக்கினால் டிரம் ஆடி ஸ்பிரிங் கெடும். திரும்பப் போட்டுக் கொண்டுவந்து கழற்ற மறந்தாலோ மெஷின் வீட்டையே உலுக்கும்.

இனி தண்ணீர். புது வீட்டில் ‘என்னமோ ஒட்டலை’ என்று சொல்பவர்களின் குறையைத் துருவிப் பார்த்தால் பாதி தண்ணீரில் வந்து நிற்கும். போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்தால் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, காபி வேறு வீட்டுக் காபி போல இருக்கும். சாம்பார் பழைய ருசிக்கு வராதவரை வீடும் பழைய நிலைக்கு வராது. பருப்புக்கும் காபிக்கும் மட்டும் இருபது லிட்டர் கேன் தண்ணீரை வைத்துக்கொள்ளச் சொன்ன மேல்மாடி அக்காவுக்கு ஒரு கும்பிடு. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்கிறது. கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் முக்கி எண்ணைப் பார்த்துவிட்டு ஆர்.ஓ. வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். பார்க்காமல் வாங்குபவர்களே அதிகம்.

தொட்டி கழுவுபவர்களே, உங்களிடம் நாங்கள் கற்ற கணக்கு இது. தரைக்கடியில் இருக்கும் தொட்டியான சம்பின் நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, 28.3ஆல் மீண்டும் பெருக்கினால் லிட்டர். எட்டுக்கு ஆறுக்கு ஐந்து என்றால் 240 கன அடி, ஏறக்குறைய 6,800 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர், ஆக மொத்தம் 17 கிராம். கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போட்டுவிட்டு, மூக்கு எரிகிறது என்று புலம்புவது இந்தக் கணக்கு தெரியாமல்தான். பவுடரை நேராகத் தொட்டியில் கொட்டவும் கூடாது. வாளியில் கூழாகக் கரைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். அடியில் நிற்கும் சுண்ணாம்பு தொட்டிக்குப் போகக் கூடாது. ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். பாக்கெட்டைத் திறந்து மாதக்கணக்கில் வைத்த பவுடருக்கு வீரியம் இருக்காது.

கழுவி முடிந்ததும் எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறப்பது நாங்கள் எல்லோரும் செய்யும் தவறு. பிளம்பர் அண்ணன் முதலில் குளியலறையில் தாழ்ந்த, வலை இல்லாத குழாயைத்தான் திறப்பார். குழாயில் அடைந்த காற்றும் தொட்டியில் கலங்கிய வண்டலும் அந்த வழியே போகும். இருமல் நின்று ஒழுக்கு சீரான பிறகே சமையலறைக் குழாயும் ஷவரும். மாற்றிச் செய்தால் மண் எல்லாம் வலையில் அடைத்து, ‘இந்த வீட்டில் தண்ணி ஃபோர்ஸே இல்லை’ என்ற பேர் வீட்டுக்கு வரும். வலையைக் கழற்றி அரை மணி நேரம் வினிகரில் போட்டால் உப்பும் விட்டுப்போகும்.

அண்ணனுக்கு இன்னொரு நன்றி, நாற்றத்துக்காக. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் வரும் சாக்கடை வாடைக்கு ஊதுபத்தியும் பினாயிலும் பதில் அல்ல. தரையில் இருக்கும் நானி ட்ராப்பில் எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும். அதுதான் சாக்கடைக் காற்றுக்கும் கரப்பானுக்கும் போட்ட பூட்டு. புழங்காத வீட்டில் அது வற்றிவிடும். குளியலறை, பால்கனி, வாஷிங் மெஷின் மூலை என்று ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு கப்பு தண்ணீர் ஊற்றினால் பத்து நிமிடத்தில் வீட்டின் முகமே மாறும். செலவு ஒன்றுமில்லை. இதற்காக டைல்ஸை உடைக்கச் சொன்னவர்களும் உண்டு. கரப்பானின் மறுவழி அட்டைப்பெட்டி. அதன் மடிப்பில் முட்டை ஒட்டிக்கொண்டு வரும். பிரித்த அன்றே பெட்டிகளைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

எலெக்ட்ரீஷியன் தம்பி, மூன்று மின்விசிறிகளின் இறக்கைகளையும் ஒன்றாகக் கட்டிக் கொண்டுவந்தவர்களிடம் நீ பட்ட பாட்டை நாங்கள் அறிவோம். ஒரு விசிறியின் இறக்கைகள் எடை ஒத்த ஒரே செட். கலந்து மாட்டினால் ஆடும், டக்டக் என்று தட்டும், இரவில் தூக்கம் வராது. ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு நிறத்தில் நூல் கட்டினால் முடிந்தது. ஐந்தில் வைத்தும் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டென்சர் வீக். வழக்கமான விசிறிக்கு 2.5 மைக்ரோஃபாரட். இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட், அதாவது 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர். அதைக் கன்வெர்ட்டர் போட்டு 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் கருகத்தான் செய்யும். ஆகவே 16 ஆம்பியர் சாக்கெட் எங்கே என்று பார்த்தபிறகுதான் அடுப்புக்கும் கிரைண்டருக்கும் இடம் குறிப்பாய். டிரிப் ஆகிக்கொண்டே இருந்தால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகச் சொன்னதும் நீதான். எதைச் செருகும்போது விழுகிறதோ பெரும்பாலும் அதில்தான் கோளாறு. எந்த சுவிட்ச் எந்த அறைக்கு என்று மின்சாரம் அறைகளுக்குப் பிரியும் டிபி பெட்டியின் மூடியில் பென்சிலால் எழுதிவைத்தாயே, அந்த ஒன்றுக்கே தனி நன்றி.

சிலிண்டர் போடுபவர் அவசரத்திலும் மூன்றைப் பார்க்கிறார். பிடிவளையத்தின் பட்டையில் இருக்கும் எழுத்தும் எண்ணும் அடுத்த சோதனைக் கெடு: ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர், பக்கத்தில் ஆண்டு. ரப்பர் டியூப் ஒன்றரை மீட்டருக்கு மிகாமல், சுவருக்குள் நுழையாமல், அச்சிட்ட கெடு தாண்டாமல் இருக்க வேண்டும். மாட்டியதும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பார்க்க வேண்டும். தீக்குச்சி வேண்டவே வேண்டாம். காஸ் காற்றைவிடக் கனம், தரையில் தங்கும். வாடை வந்தால் கதவு ஜன்னலைத் திறந்து, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906ஐ அழையுங்கள்.

வாடகை வீட்டில் முதல் ஆணி தினசரி காலண்டருக்கு. அதற்கே சிலரிடம் அனுமதிக் கடிதம் கேட்கும் நிலைமை! தச்சர் சுவரில் துளைக்கும் முன் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும், குழாய்க்கு நேர் மேலேயும் கையால் ஒரு கோடு காட்டுவார். ஒயரும் தண்ணீரும் பெரும்பாலும் நெட்டாகத்தான் ஓடும், அங்கே தொடக் கூடாது. பூச்சு அரை அங்குலம்தான், அதோடு நின்றால் அலமாரி ஒரு மாதத்தில் கையோடு வரும். 6 மில்லிமீட்டர் பிட்டால் 40 மில்லிமீட்டர் ஆழம், தூசியை ஊதிவிட்டு பிளக். மழைக்காலத்தில் இறுகும் கதவை இழைக்க மறுத்து, ‘பங்குனிக்குப் பார்ப்போம், இப்ப இழைச்சா வெயில்ல இடைவெளி விழும்’ என்று வந்த கூலியை விட்டுவிட்டுப் போனவர் அவர். கீலின் திருகு பிடிக்காமல் சுற்றினால் மூங்கில் சீவலை ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டையில் அடைத்து, காய்ந்தபின் திருகுவார்.

மோட்டார் போடும் நேரம், குப்பை வண்டி வரும் நேரம், மின்தடைக்கு மின்னகத்தின் 94987 94987, பால் பாக்கெட் தொங்கவிடும் பை எந்தக் கொக்கியில் என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும் எதிர்வீட்டு அக்காமாருக்கும், புதிதாக வந்தவர்களின் கதவு எண்ணை இரண்டாம் நாளே மனப்பாடம் செய்து, கூரியர்காரருக்கு வழி சொல்லும் இஸ்திரிக்காரருக்கும் எங்கள் அன்பு.

மூன்றாம் மாடி வீட்டுக்கு வெள்ளிக்கிழமை குடிவருகிறார்கள். தொட்டிக்காரர்கள் வியாழன் காலை எட்டு மணிக்கு வந்தால் போதும். ஆறு மணிக்கே சம்ப் மூடிகளைத் திறந்து, பிள்ளைகள் கிட்டே போகாதபடி பக்கத்திலேயே ஒருவர் நிற்போம், நல்ல காற்று உள்ளே போக வேண்டும். தனியாக யாரும் இறங்க வேண்டாம். மேலே கயிற்றைப் பிடிக்க எங்களில் இருவர் இருப்போம். கூலி அன்றைக்கே, டீ முதலில்.

இப்படிக்கு,
அடுக்ககக் குடியிருப்போர்