மாடிப் பொடியன்களின் சுடுதண்ணீர்க் கணக்கு

கொழும்பு 05

அன்பின் பாலா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு மொறட்டுவையில் இடம் கிடைத்தது பெரிய சந்தோஷம். வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம், விடுதிச் செலவு மிச்சம். இங்கே எல்லோரும் சுகம்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். மாடியறைக்கு வரும் இரண்டு பொடியன்களும் குளிக்கச் சுடுதண்ணீர் கேட்கிறார்கள், வாடகையோடு ஆளுக்கு 500 ரூபா கூட்டினால் போதுமா, தாங்கிக்குள் சூடாக்கி வைக்கிற கீசர் போடுவதா, தண்ணீர் ஓடும்போதே சூடாக்குகிற இன்ஸ்டன்ட் ஹீற்றர் போடுவதா என்று எழுதியிருந்தாய். 500 போதாது. கீசர் போட்டால் கிட்டவும் வராது. கணக்கை நீயே போட்டுப் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன், ஏனென்றால் கட்டணம் மாறினால் என் எண்கள் செல்லாது, வழி செல்லும்.

ஒரு யூனிற் கரண்ட், அதாவது ஒரு கிலோவாற் ஒரு மணித்தியாலம் ஓடுகிற அளவு, 860 லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்கும். ஆகவே எத்தனை லீற்றர், எத்தனை பாகை ஏற்ற வேண்டும் என்ற இரண்டையும் பெருக்கி 860 ஆல் வகுத்தால் யூனிற் வந்துவிடும். கொழும்பில் காலைத் தண்ணீர் 27, 28 பாகை செல்சியஸில் வருகிறது. சுகமாகக் குளிக்க 38, 39 போதும். ஏற்ற வேண்டியது 11 பாகைதான். 50 லீற்றரில் குளித்தால் 550 ஐ 860 ஆல் வகுக்க 0.64 யூனிற். நுவரெலியாவில் குளிரான காலையில் பைப் தண்ணீர் 15 பாகையில் நிற்கும், அங்கே அதே குளியலுக்கு 1.4 யூனிற் போகும். மலையகத்துச் சொந்தக்காரர் சொல்லும் பில் கதையை வெள்ளவத்தைக்குப் பொருத்தாதே.

லீற்றர் எத்தனை என்பதை ஊகிக்க வேண்டாம். 10 லீற்றர் வாளியை ஷவருக்குக் கீழே வைத்து நிரம்ப எத்தனை விநாடி என்று பார். 75 விநாடி என்றால் நிமிடத்துக்கு 8 லீற்றர். அந்த ஷவரில் 7 நிமிடம் நின்றால் 56 லீற்றர். பாகையை அளக்கச் சமையலுக்கு விற்கிற டிஜிற்றல் வெப்பமானி போதும். விடியக்காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை அளந்து பார். வெயில் நாளில் மொட்டைமாடித் தாங்கித் தண்ணீர் நாலு மணிக்கு 33 பாகைக்கு வந்துவிடும். அப்போது ஏற்ற வேண்டியது 5 பாகை, செலவு அரைவாசி. பொடியன்கள் வேலையால் வந்து குளிக்கிற ஆட்கள் என்றால் அது உனக்கு நல்ல காலம்.

யூனிற்றைக் காசாக்கும் இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் பிழைவிடுகிறார்கள். மொத்த பில்லை மொத்த யூனிற்றால் வகுத்து வருகிற சராசரியைப் போடுகிறார்கள். சுடுதண்ணீர் உன் வீட்டில் ஏற்கெனவே எரிகிற யூனிற்றுக்கு மேலே ஏறுவது. யூனிற் கூடக்கூட அதன் விலை படிபடியாக ஏறும், அதனால் சுடுதண்ணீர் விழுகிற படியின் விலையைத்தான் போட வேண்டும். 2025 ஜூனில் வந்த வீட்டுக் கட்டணப்படி, 60 யூனிற்றைத் தாண்டிய வீட்டுக்கு முதல் 60 யூனிற் 12.75 ரூபா, 90 வரை 18.50, 120 வரை 24, 180 வரை 41, அதற்கு மேல் 61. இதோடு மாதாந்த நிலையான கட்டணமும் படி ஏறும்: 90 வரை 400, 120 வரை 1,000, 180 வரை 1,500, அதற்கு மேல் 2,100. வரி வேறு, அதைச் சேர்க்காமல் எழுதுகிறேன். உன் கடைசி பில்லில் வேறு எண் இருந்தால் அதைப் போடு.

ஒரு யூனிற்றால் என்ன நடக்கும் என்று பார். 180 யூனிற்றுக்கு 6,000 ரூபா, 181 க்கு 6,661. அந்த ஒரு யூனிற்றின் விலை 661. 120 இலிருந்து 121 க்குப் போக 541. 60 இலிருந்து 61 க்குப் போனால் 598 ரூபா 50 சதம், ஏனென்றால் அங்கே முதல் 60 யூனிற்றின் விலையே முழுதாக மாறிவிடுகிறது. ஒருவர் மாதம் முழுக்கத் தினமும் ஒருமுறை, 0.64 யூனிற்படி குளித்தால் 19 யூனிற். 130 யூனிற் எரிக்கும் வீட்டில் அது குளியலுக்கு 26 ரூபா. 105 எரிக்கும் வீட்டில் 34. 170 எரிக்கும் வீட்டில் 52. தண்ணீரும் சூடும் ஒன்றுதான், விலை இரண்டு மடங்கு. 50 யூனிற்றில் கவனமாக வாழ்கிற சின்னக் குடும்பத்துக்கும் 27 ரூபாவுக்குக் குறையாது.

படி எல்லை மாதத்துக்கு என்று இருந்தாலும் மீற்றர் வாசித்த நாட்களைக் கொண்டே கணக்கிடுவார்கள். 31 நாள் என்றால் 180 என்பது 186 ஆகும். ஆகவே வாசிப்பவர் இரண்டு நாள் பிந்தி வந்ததால்தான் பில் ஏறியது என்ற பேச்சை நம்பாதே.

தண்ணீர்க் கட்டணத்தில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. 1,000 லீற்றர் ஒரு யூனிற். உன் தண்ணீர் பில்லின் கடைசிப் படி 100 ரூபா என்றால் 50 லீற்றருக்கு 5 ரூபா, அதுவும் பச்சைத்தண்ணீரில் குளித்தாலும் போகிற காசு. மோட்டர் தாங்கிக்கு ஏற்றும் கரண்டும் இந்த அளவுக்கு ஒரு யூனிற்றின் நூறில் ஒரு பங்குதான்.

இப்போது உன் வீடு. சுடுதண்ணீர் இல்லாமல் 150 யூனிற் அளவில் வருகிறது என்று எழுதியிருந்தாய், அதாவது 4,770 ரூபா.

கீசர் போட்டு, சாதாரண ஷவரில் இருவரும் 56 லீற்றர்படி குளித்தால் நாளுக்கு 1.43 யூனிற், மாதத்துக்கு 43. இது குளியலுக்கு மட்டும். கீசரை நாள் முழுக்கப் போட்டபடி விட்டால், ஒருவரும் குளிக்காமலே சூடு கசியும். 25 லீற்றர் கீசரில் நாளுக்கு அரை யூனிற்றிலிருந்து காப்புப் பழுதான பழையதில் ஒரு யூனிற் வரை போகும். பொடியன்கள் ஓஃப் பண்ணுவார்கள் என்று நினைக்கிறாயா? நான் நினைக்கவில்லை. மாதம் 20 யூனிற் அதற்கு வைத்தால் 213 யூனிற், பில் 8,613. கூடுதல் 3,843 ரூபா. நீ கேட்கப் போவது 1,000. இதிலே இன்னொரு தொல்லை: 25 லீற்றரை 60 பாகைக்கு ஏற்றினால் பச்சைத்தண்ணீரோடு கலந்து 70 லீற்றருக்குச் சற்று மேலே கிடைக்கும், அது ஒரு ஆளுக்குத்தான் காணும். இரண்டாவது ஆள் அரை மணித்தியாலம் நிற்க வேண்டும், 1.5 கிலோவாற் கீசர் என்றால் 40 நிமிடம் வரை. எட்டு மணி வேலைக்கு ஓடுகிற வீட்டில் சண்டை வரும்.

இன்ஸ்டன்ட் ஹீற்றரில் 3.5 கிலோவாற் போதும். அதனால் 11 பாகை ஏற்ற முடிந்தது நிமிடத்துக்கு 4.5 லீற்றர்தான். பைப்பை அதற்கு மேல் திறந்தால் தண்ணீர் குளிர்ந்துவிடும், அதனால் அவர்களே குறைப்பார்கள். அறிவுரை சொல்ல வேண்டிய வேலையை ஹீற்றரே செய்துவிடும். 7 நிமிடத்துக்கு 0.41 யூனிற். இருவருக்கும் மாதத்துக்கு 25. 150 உம் 25 உம் 175, எல்லைக்குள் நிற்கிறது. கூடுதல் 1,025 ரூபா. நிமிடத்துக்கு 4.5 லீற்றர் மெலிதாகத் தெரியாமலிருக்கத் துளை சிறியதாக உள்ள ஷவர் தலை போடு.

கடைக்காரன் 5.5 கிலோவாற்றைக் காட்டி, 'கெதியாய்ச் சூடாகும், கரண்ட் மிச்சம்' என்பான். சூடாக்கும் கம்பிக்குள் போகிற கரண்ட் எல்லாமே சூடாகத்தான் வெளியே வருகிறது. எந்த மொடலும் ஒரு யூனிற்றில் 860 க்கு மேல் தராது. பெரிய ஹீற்றர் செய்வது அதே நேரத்தில் அதிக தண்ணீர் விடுவது, அதாவது அதிக செலவு. அதோடு 5.5 கிலோவாற் 24 அம்பியர் இழுக்கும். உன் வீட்டு இணைப்பு 30 அம்பியர். கீழே மின்கேத்தலும் ஏசியும் ஒன்றாய்ப் போனால் மெயின் விழும், சவர்க்காரத்தோடு ஒருவன் இருட்டில் நிற்பான். 3.5 கிலோவாற்றுக்கு 15 அம்பியர்தான், ஆனாலும் 13 அம்பியர் பிளக்கில் குத்தாதே, உருகும். போர்ட்டிலிருந்து தனி வயர், 4 சதுர மில்லிமீற்றர், 20 அம்பியர் பிரேக்கர், பாத்ரூமுக்கு வெளியே இரண்டு கம்பியையும் துண்டிக்கிற சுவிற்ச். எர்த் வயர் உண்மையில் எர்த்தில் முடிகிறதா என்று வயர்மேனை உனக்கு முன்னால் மீற்றர் வைத்துக் காட்டச் சொல். ட்ரிப் சுவிற்ச் 30 மில்லி அம்பியராக இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை அதன் டெஸ்ற் பட்டனை அமத்திப் பார். இந்த இடத்தில் காசு மிச்சம் பிடிக்காதே.

சூடாகி, குளிர்ந்து, திரும்பச் சூடாகிற ஹீற்றரை அனேகமானவர்கள் பழுது என்று கழற்றிவிடுகிறார்கள். தண்ணீர் நுழைகிற வாயிலிலுள்ள வலையில் அழுக்கு நின்றாலோ ஷவர் துளை அடைத்தாலோ ஓட்டம் குறையும், உள்ளே சூடு எல்லை மீறும், பாதுகாப்பு சுவிற்ச் வெட்டும், ஆறியதும் திரும்பப் போடும். வலையைக் கழுவினால் சரி. கொழும்பில் களனி ஆற்றிலிருந்தும் லபுகம நீர்த்தேக்கத்திலிருந்தும் வருகிற தண்ணீர் மென்மையானது, சுண்ணாம்பு படியாது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் இதே ஹீற்றரின் கம்பி வெள்ளைப் பட்டை பிடித்து, சூட்டை வெளியே விட முடியாமல் எரிந்து போகும். உன் வளவுக் கிணறு உவர்ப்பென்றால் அந்த லைனை ஹீற்றருக்குக் கொடுக்காதே.

மனைவி சொல்கிற காஸ் அடுப்பு யோசனையையும் போட்டுப் பார்த்தேன். 12.5 கிலோ சிலிண்டரில் 160 யூனிற் சூடு இருக்கிறது, பானை வைத்துச் சூடாக்கினால் பாதி காற்றோடு போகும். 2025 இல் இருந்த 3,700 ரூபா விலைப்படி 80 யூனிற், யூனிற் 46 ரூபா. 41 ரூபாப் படிக்கு அது மலிவில்லை. மின்கேத்தல்தான் நல்லது: 1.8 லீற்றரைக் கொதிக்க வைக்க 0.15 யூனிற், அதை 10 லீற்றர் பச்சைத்தண்ணீரில் ஊற்றினால் ஒரு வாளி இளஞ்சூட்டுத் தண்ணீர், 6 ரூபா. அம்மாவுக்கு அது போதும், அவவுக்கென்று ஹீற்றர் போடாதே.

பொடியன்களிடம் எவ்வளவு என்பதற்கு என் யோசனை: மாடி லைனில் ஒரு சின்ன உப மீற்றர் போடு. யூனிற் 41 ரூபாப்படி எடு. வீடு 180 ஐத் தாண்டினால் மேலே போன யூனிற்றுக்கு 61 எடு, ஏறுகிற 600 ரூபா நிலையான கட்டணத்தைப் பாதி நீ, பாதி அவர்கள். அந்த எல்லைக்கு வருவதில் உன் ஏசிக்கும் பங்கிருக்கிறது.

பூட்டிய பிறகு ஒரு சோதனை. மற்ற பிரேக்கர் எல்லாவற்றையும் இறக்கி, ஹீற்றரை மட்டும் ஓடவிட்டு மெயின் மீற்றரின் சிவப்பு விளக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை தரம் மினுங்குகிறது என்று எண்ணு. மீற்றரில் ஒரு யூனிற்றுக்கு 1,000 துடிப்பு என்றோ 1,600 என்றோ எழுதியிருக்கும். மினுங்கலை 60 ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் கிலோவாற். 1,000 மீற்றரில் 58 என்றால் 3.5. 50 க்குக் கீழே வந்தால் வோல்ற்றேஜ் குறைவு. 230 க்குப் பதில் 210 வந்தாலே 2.9 கிலோவாற்றுக்கு இறங்கிவிடும்.

வாங்குவதற்கு முன் ஒன்று செய். தாங்கியின் அடியிலிருந்து மாடி ஷவர் தலை வரை எத்தனை அடி என்று அளந்து எழுது. பல மொடல்களின் ஓட்ட சுவிற்ச்சுக்குக் குறைந்தது மூன்றரை அடி உயரம் வேண்டும். உன் மாடிக்கு அது இல்லையென்றால் உள்ளே பம்ப் வைத்த மொடல்தான் எடுக்க வேண்டும், விலையும் கூட.

அன்புடன்,
சிறி