அந்த அடைப்புக்குறி எங்கே போனது?

மேசா கல்வெட்டை வாசிக்கும் அறிஞர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் துறைக்காரன் இல்லை. நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறவன். 31-ஆம் வரி பற்றி ஒரு மனக்குறை உண்டு, அதற்குத்தான் இந்த மடல்.

கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் மோவாப் அரசன் மேசா நிறுத்திய கல் அது. 1868-இல் சாக்கடலுக்குக் கிழக்கே தீபானில் கண்ணில் பட்டது. வெளிநாட்டவர் அதற்குப் போட்டி போட, உள்ளூர் பெதூயின்கள் நெருப்பில் காய்ச்சித் தண்ணீர் ஊற்றி உடைத்துவிட்டார்கள். நல்லவேளை, அதற்கு முன்பே ஈரத்தாளில் ஒற்றியெடுத்த படி ஒன்று, கிழிந்துபோனாலும், மிஞ்சியது. லூவ்ரில் இன்று நிற்பது மீட்ட துண்டுகளும், அந்தப் படியைப் பார்த்து நிரப்பிய பூச்சும்தான்.

31-ஆம் வரியின்படி ஓரொனாயீம் என்ற மோவாப் ஊரில் குடியிருந்தது யார் என்பதுதான் சண்டை. 'தாவீதின் வீடு', அதாவது விவிலிய அரசன் தாவீதின் வம்சம், என்று 1994-இல் வாசித்தார் கல்வெட்டு அறிஞர் ஆந்த்ரே லெமேர். தாவீதின் முதல் எழுத்தை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டார். கல்லில் தெரியவில்லை, நானாக நிரப்பினேன் என்று அதற்கு அர்த்தம். நாணயமான குறி. 2019-இல் பிங்கல்ஸ்டைன், நாமான், ரோமர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வேறு மாதிரி பார்த்தார்கள்: பெயரின் தொடக்கத்தில் 'ப', சற்றுத் தள்ளி வாக்கியம் முடிந்ததைக் காட்டும் நெடுங்கோடு, ஆகவே மூன்றெழுத்துப் பெயர், விவிலியத்தில் வரும் மோவாப் அரசன் பாலாக்காக இருக்கலாம். சரி, அதிலும் 'ப' தவிர மற்ற இரண்டும் ஊகமே. 2022-இல் புதிய ஒளிப்படங்களோடு லெமேரும் டெலோர்மும் பழைய வாசிப்பே சரி என்றார்கள். மறுவருடமே ரிஷெலும் பர்லிங்கேமும், அப்படியும் இருக்கலாம், ஆனால் உறுதியாகவில்லை என்றார்கள்.

சண்டை போடுங்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கால எழுத்தில் 'வீடு' என்ற சொல்லின் கடைசி எழுத்தான தாவ் பெருக்கல் குறி மாதிரி, தாவீதின் முதல் எழுத்தான தாலெத் ஒரு முக்கோணம். சிதைந்த கல்லில் முக்கோணத்தின் ஒரு பக்கம் மட்டும் இருந்தால், அது உளி போட்டதா, விரிசல் போட்டதா? இதில் இரண்டு பேர் ஒத்துப்போனால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

என் குறை வேறு. ஆய்வுக் கட்டுரையில் இருக்கும் அந்தச் சின்ன அடைப்புக்குறி, பத்திரிகைத் தலைப்புக்கு வரும்போது காணாமல் போய்விடுகிறது. 'தாவீதின் பெயர் உறுதி' என்று ஒரு வாரம், 'தாவீது இல்லை, பாலாக்' என்று இன்னொரு வாரம். விவிலியம் படிக்கிறவர் இரண்டையும் நம்பி ஏமாறுகிறார்.

பொதுவாசகருக்கு எழுதும்போதும் '[தா]வீதின் வீடு' என்றே அச்சிடுங்கள். எழுத்துகளின் மேல் நீங்கள் கோடு வரைந்த படத்துக்குப் பக்கத்தில், கோடு வரையாத படத்தையும் அதே அளவில் போடுங்கள். அச்சகத்தார் இடமில்லை என்பார்கள். உங்கள் அடிக்குறிப்புகளில் பாதியை வெட்டினால் இடம் கிடைத்துவிடும்.

அன்புடன்,
ஒரு வாசகன்