பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பிக்கு

தம்பி,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூடம் கூடைப்பந்து கோச்சாக வரச் சொல்லி உன்னைக் கூப்பிட்டிருக்கிறது. நீயோ, "காலேஜ் டீம்ல மூணு வருஷம் பெஞ்சு தேய்ச்சவன் அண்ணா நான், நான் போய் அந்தப் பிள்ளைங்களுக்கு என்னத்த சொல்லிக் கொடுக்க?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. வெளியே பனி வேறு. எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பொதுவில் போடுவதற்குக் காரணம் ஒன்றுதான், பெஞ்சிலேயே உட்கார வைத்துப் பந்தை வெறுக்க வைத்துவிட்ட பிள்ளைகள் நம் மலையில் உன்னைத் தவிர இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும்.

ஸ்டீவ் கெர் உனக்குத் தெரியும். 2014-ல் அமெரிக்காவின் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்கு கோச் ஆனவர், அந்த அணியின் நட்சத்திரம் ஸ்டீபன் கரிக்கு கோச் என்றுதான் நம் பையன்களுக்கு அவரைத் தெரியும். அவர் விளையாடிய காலத்துக் கணக்கை ஒருமுறை எடுத்துப் பார். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் 15 சீசன், மொத்தம் 910 ஆட்டம். அதில் முதல் ஐந்து பேரில் ஒருவராக இறங்கியது 30 ஆட்டத்தில்தான். மிச்சம் 880 ஆட்டத்திலும் பெஞ்சில் உட்கார்ந்து, எப்போது கூப்பிடுவார்கள் என்று பார்த்திருந்து எழுந்து போனவர். ஆட்டத்துக்குச் சராசரி 6 பாயிண்ட். ஆனால் அப்படி எழுந்து போய் அவர் போட்ட த்ரீ பாயிண்டர்களில், அதாவது தூரத்திலிருந்து மூன்று பாயிண்டுக்கு எறிகிற பந்துகளில், நூற்றுக்கு 45.4 உள்ளே விழுந்திருக்கிறது. அவர் ஓய்வு பெற்று இருபது வருஷம் ஆன பிறகும் அந்தச் சதவீதத்தை யாரும் தாண்டவில்லை.

சுலபமாக வந்த வாழ்க்கையும் இல்லை. 1965-ல் பெய்ரூட்டில் பிறந்தவர், அப்பா அங்கே அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவர், 1984 ஜனவரியில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். மகனுக்கு அப்போது வயது 18, அரிசோனா பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம். 1986-ல் ஸ்பெயினில் நடந்த உலகப் போட்டியில் முழங்கால் தசைநார் கிழிந்து ஒரு சீசன் முழுக்கப் போனது. 1988 டிராஃப்டில், அதாவது என்.பி.ஏ. அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற நிகழ்வில், அவர் பெயரைச் சொல்லும்போது 49 பேரை எடுத்து முடித்திருந்தார்கள்.

நீ கவனிக்க வேண்டிய இடம் 1997. கெர் ஆடிய சிகாகோ புல்ஸுக்கும் யூட்டா ஜாஸுக்கும் ஃபைனல் (ஏழு ஆட்டத்தில் நாலு ஜெயித்தால் கோப்பை), ஆறாவது ஆட்டம், 86-86. கடைசி டைம் அவுட். எல்லோருக்கும் தெரியும், பந்து புல்ஸின் நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டனிடம்தான் போகும். ஜோர்டன் கெரிடம் திரும்பி, யூட்டாவின் ஸ்டாக்டன் உன்னை விட்டுவிட்டு என்னை மறிக்க வருவான், தயாராக இரு என்கிறார். நான் தயார், போட்டுவிடுவேன் என்கிறார் இவர். அப்படியே நடந்தது. ஜோர்டனை இரண்டு பேர் சூழ்ந்தார்கள், ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்தில் ஆளில்லாமல் நின்றவருக்குப் பந்து வந்தது, ஐந்து நொடி மிச்சம், போட்டார். 90-86 என்று ஆட்டம் முடிந்து கோப்பை வந்தது. இதே ஜோர்டன்தான் 1995 பயிற்சி முகாமில் இவர் முகத்தில் குத்தியவர், ஏனென்றால் இவர் பணிந்து போகவில்லை. அப்புறம் ஜோர்டன் மன்னிப்புக் கேட்டார், அதிலிருந்துதான் இவரை நம்ப ஆரம்பித்தார்.

ஆட்டக்காரராக ஐந்து கோப்பை, மூன்று சிகாகோவில், இரண்டு சான் அன்டோனியோவில். அந்தப் பெஞ்சிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்த இரண்டு அணிகளின் கோச்சுகளை, சிகாகோவில் ஃபில் ஜாக்சனையும் சான் அன்டோனியோவில் கிரெக் பாப்போவிச்சையும். டைம் அவுட்டில் யாரிடம் குரலை உயர்த்துகிறார்கள், யாரைத் தோளில் தட்டி விட்டுவிடுகிறார்கள், தோற்ற ராத்திரி பஸ்ஸில் எப்படி உட்காருகிறார்கள். முதல் ஐந்தில் ஆடுகிறவனுக்கு இதையெல்லாம் பார்க்க நேரம் ஏது?

இப்போது உன் கதைக்கு வருகிறேன். ஞாபகம் இருக்கிறதா, கோவையில் அந்த இன்டர் காலேஜ் செமி ஃபைனல்? நான் பார்க்க வந்திருந்தேன், உனக்குப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது குவார்ட்டரில் நீ திரும்பி என்னிடம் சொன்னாய், "அண்ணா, அந்த ஏழாம் நம்பரைப் பாருங்க, ட்ரைவ் பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் பந்தை ரெண்டு தட்டு பலமாத் தட்டறான். இடது பக்கம் போகவே மாட்டேங்கறான்." நான் அதுவரை அந்தப் பையன் எத்தனை பாயிண்ட் போட்டான் என்று மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். நீ சொன்ன பிறகு பார்த்தால் ஆறு தடவையும் அப்படியே, டப் டப், வலது பக்கம். உன் கோச்சிடம் சொல்லப் போனாய், உட்காரு என்று கையைக் காட்டினார். நான்கு பாயிண்டில் தோற்றீர்கள். உன்னை இறக்காதது நியாயமா இல்லையா என்று இனிமேல் பேசிப் பயனில்லை தம்பி, எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது, அது வேறு. ஆனால் அந்த அரங்கத்தில் அன்றைக்கு ஆட்டத்தைச் சரியாகப் படித்த ஆள் நீதான், அதற்கு நானே சாட்சி.

கெர் 2003-ல் விளையாட்டை விட்டார். டிவியில் வர்ணனை, 2007 முதல் 2010 வரை ஃபீனிக்ஸ் சன்ஸில் ஜெனரல் மேனேஜர். 2014-ல் வாரியர்ஸ் கூப்பிட்டபோது உதவி கோச்சாகக்கூட ஒருநாளும் வேலை பார்த்தது கிடையாது. முதல் சீசனிலேயே 67 வெற்றி, கோப்பை. அடுத்த சீசனில் 73 வெற்றி, 9 தோல்வி, இது சாதனை.

இதெல்லாம் கரி இருந்ததால் வந்தது என்று நீ சொல்வாய், சரி. ஆனால் வாரியர்ஸில் ஆடிய ஆண்ட்ரே இகுவோடாலா விஷயத்தைப் பார். அதற்கு முன் 758 ஆட்டம், ஒன்றில்கூட பெஞ்சிலிருந்து எழுந்து வந்ததில்லை. அப்படிப்பட்டவரிடம் போய், இந்த வருஷம் நீ பெஞ்சில் உட்கார வேண்டும் என்று கேட்டார் கெர். 880 தடவை அங்கே இருந்துவிட்டு வந்த ஒருவர் வாயிலிருந்து வந்ததால்தான் அந்தப் பேச்சுக்கு ஒரு கனம் இருந்தது என்று நான் நம்புகிறேன். 2015 ஃபைனலில் கிளீவ்லண்டுக்கு எதிராக 1-2 என்று பின்தங்கியபோது அதே இகுவோடாலாவை முதல் ஐந்தில் இறக்கினார். அந்த யோசனை அவருடையது இல்லை, வீடியோ பார்த்துக் குறிப்பெடுக்கும் நிக் யூரன் என்ற இளைஞருடையது, ராத்திரியில் மெசேஜ் அனுப்பிச் சொன்னது. வென்ற பிறகு கெர் அதைப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் வெளிப்படையாகச் சொன்னார். இகுவோடாலாதான் அந்த ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரர். உன்னை உட்காரு என்று கை காட்டியவரையும் இதையும் நீயே பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்.

தோல்வியும் உண்டு. 2016 ஃபைனலில் 3-1 என்று முன்னால் இருந்து தோற்றார்கள். 2019-20-ல் 15 வெற்றி, 50 தோல்வி, லீகிலேயே கடைசி. 2022-ல் மறுபடி கோப்பை.

இனி நம்ம ஊர். நீ போகப்போகும் கோர்ட்டை நான் போன வாரம் பார்த்தேன். சிமென்ட் தரை, மேல் பக்க ரிங் கொஞ்சம் தொங்குகிறது, நெட் இல்லை. காலை ஏழு மணிக்கு மஞ்சு இறங்கி எதிர் போர்டு தெரியவில்லை. பன்னிரண்டு பிள்ளைகள். தண்ணீரைத் தென்னந்துடைப்பத்தால் தள்ளிவிட்டு விளையாடுகிறார்கள், குளிரில் பந்து கல் மாதிரி இருக்கிறது, தட்டினால் முழங்காலுக்கு மேல் எழும்பவில்லை. கீழே கோவையில் இண்டோர் மரத்தரையில் ஆடிய கோச் ஒருவர் வந்தால் முதல் வாரமே இதைப் பார்த்துச் சலித்துப்போவார். நீ இதே தரையில் விழுந்து முட்டி பெயர்ந்தவன். எந்த மாதத்தில் எந்தப் பக்கம் வழுக்கும், பந்தில் எவ்வளவு காற்று கூட வைக்க வேண்டும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி மழைக்கு இரண்டு மாதம் வெளியே ஆட முடியாது, அப்போது வராந்தாவில் பாஸ் மட்டும் பழக்கலாம் என்று உனக்குத்தான் தோன்றும்.

பட்டியாலாவில் கோச்சுகளுக்குப் பயிற்சி தரும் தேசிய விளையாட்டு நிறுவனமான என்.ஐ.எஸ்.ஸில் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது, ஒரு கோடை விடுமுறையில் போய் வா, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். முதலில் இந்த வேலைக்குச் சரி என்று சொல்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒரு பெண் பிள்ளை, ஏழாவது படிக்கும் போல, குட்டை, ஸ்வெட்டர் கையை இழுத்து விரலை மூடிக்கொண்டு ஓரத்துத் திண்டில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரத்தில் அவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. ஆனால் பந்து எங்கே போனாலும் அவள் தலை பந்தோடு திரும்பவில்லை, பந்து அடுத்து போகப்போகிற இடத்துப் பக்கம் முன்னாடியே திரும்பியிருந்தது. எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

சனிக்கிழமை ஏழு மணிக்கு நானும் கோர்ட்டுக்கு வருகிறேன். காற்றடிக்கும் பம்ப் என்னிடம் இருக்கிறது, ஊசி உன் பழைய கிட் பையில்தான், மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
அண்ணன்