காத்திருக்கிறவர்களுக்கும் மைக் கொடுங்கள்

கர்த்தருக்குள் பிரியமான போதகர்களுக்கும், சபை மூப்பர்களுக்கும், வீடு வீடாகப் போய் ஜெபிக்கிற குழுவினருக்கும் இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள்.

ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் வந்தால் மகனுக்கு விசா கிடைத்தது, கட்டி கரைந்தது, பத்து வருடம் கழித்துக் குழந்தை பிறந்தது என்று ஒவ்வொருவராக வந்து சொல்கிறார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கர்த்தர் ஜெபத்தைக் கேட்கிறவர் என்று நம்பித்தான் நானும் தினமும் முழங்கால் போடுகிறேன். என் குறை வேறு. விசா கிடைக்காதவரும், கட்டி பெரிதாகிப் போனவரும் அதே உபவாச ஜெபத்தில் உட்கார்ந்து, அதே வாக்குத்தத்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள். அவர்கள் கைக்கு அந்த மைக் ஒருநாளும் போவதில்லை. இரண்டு மாதம் கழித்து அவர்கள் பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். அப்புறம் வருவதே குறைந்துவிடுகிறது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஜெபிக்க வந்த ஊழியர் ஒருவர் தலையில் எண்ணெய் பூசி, சத்தமாக ஜெபித்து, காபியும் குடித்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தணிந்த குரலில் கேட்டார்: "சிஸ்டர், அறிக்கை பண்ணாத பாவம் ஏதாவது வீட்ல இருக்கா? விசுவாசம் இருந்தா இந்நேரம் மாற்றம் தெரிஞ்சிருக்கணுமே." அக்கா ஒன்றும் சொல்லவில்லை, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இப்போது ஜெபக்குழுவை வீட்டுக்கு அழைப்பதில்லை. "வந்தா இப்ப எப்படி இருக்காருன்னு கேப்பாங்க, நான் என்னத்தச் சொல்ல?" என்கிறார்.

பிறவிக் குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் என்று சீஷர்களும் இதையேதான் கேட்டார்கள். அது அவன் செய்த பாவமுமல்ல, பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று ஆண்டவர் பதில் சொன்னது உங்களுக்குத் தெரியாததல்ல.

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தை எத்தனையோ முறை பிரசங்கித்திருப்பீர்கள். சிறையிலிருந்த பேதுருவுக்காகச் சபை ஊக்கத்தோடே ஜெபித்தது, சங்கிலி கழன்றது, இரும்புக் கதவு தானாகத் திறந்தது. அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில் யோவானின் சகோதரன் யாக்கோபை ஏரோது பட்டயத்தால் கொன்றான். யாக்கோபுக்காக யாருமே ஜெபித்திருக்க மாட்டார்களா? அவன் தாய்க்கு விசுவாசம் குறைவா? வேதம் ஒரு விளக்கமும் தரவில்லை. ஒரே சபைக்கு, அடுத்தடுத்து, இரண்டும் நடந்தன. நாம் மட்டும் இரண்டாம் வசனத்தைத் தாண்டிக் குதித்துச் சிறைச்சாலைக் கதவுக்குப் போய்விடுகிறோம்.

ஜார்ஜ் முல்லர் விஷயத்திலும் இதைத்தான் செய்கிறோம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை வளர்த்தவர், தேவையை மனிதரிடம் சொல்லாமல் தேவனிடம் மட்டும் சொன்னவர். சாப்பிட ஒன்றுமில்லாமல் பிள்ளைகள் மேசையில் உட்கார்ந்திருந்தபோது ரொட்டிக்காரர் கதவைத் தட்டிய கதையைக் கேட்காத கன்வென்ஷன் இல்லை. நல்ல கதைதான். ஆனால் 1835-இல் அவருடைய மகன் எலியா ஒன்றரை வயது நிரம்பும் முன்பே இறந்துபோனான் என்று மேடையில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 1870-இல் மனைவி மேரி காய்ச்சலில் இறந்தார். ஏறக்குறைய நாற்பது வருடம் கூடவே நின்று ஊழியம் செய்தவர். அவருக்கான அடக்கப் பிரசங்கத்தை முல்லரே செய்தார். அவர் எடுத்துக்கொண்ட வசனம் சங்கீதம் 119:68: "தேவரீர் நல்லவரும் நன்மை செய்கிறவருமாயிருக்கிறீர்." ரொட்டி வந்த காலையில் இதைச் சொல்வது யாருக்கும் முடியும். மனைவியை இழந்த துக்கத்தில் நின்று சொன்னாரே, என்னைக் கேட்டால் அவருடைய பெரிய சாட்சி அதுதான்.

நம் திருநெல்வேலிச் சீமைக்கே வருவோம். டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா சிறு வயதில் நீலக் கண் கேட்டு ஜெபித்ததும், பழுப்புக் கண்ணாகவே இருந்ததும், பிற்பாடு இந்தியாவில் சேலை கட்டி நடமாட அதுவே உதவியதும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். முடிவு சுகமாக இருப்பதால் அதைச் சொல்கிறோம். 1931-இல் அவர் கீழே விழுந்து அடிபட்டார். அதற்குப் பிறகு 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தன் அறைக்குள்ளேதான் இருந்தார். கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பெண் குழந்தைகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவருக்கு இருபது வருடம் படுக்கை. டோனாவூரில் ஜெபத்துக்கா பஞ்சம்? அந்த இருபது வருடத்துக்குப் பழுப்புக் கண் மாதிரி ஒரு அழகான காரணத்தைக் கண்டுபிடித்து ஒட்டவைக்க நமக்கு வழியில்லை, அதனால் விட்டுவிடுகிறோம்.

"விசுவாசமுள்ளவர்களாய் ஜெபத்திலே எவைகளைக் கேட்பீர்களோ, அவைகளையெல்லாம் பெறுவீர்கள்" என்று மத்தேயு 21:22-இல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதை நான் அழிக்கச் சொல்லவில்லை. அதைச் சொன்னவரே அதே வாரத்தில் கெத்செமனேயில் முகங்குப்புற விழுந்து, பாடுகளின் பாத்திரம் நீங்கவேண்டும் என்று மூன்று தரம் ஜெபித்தார். பாத்திரம் நீங்கவில்லை. பவுலும் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்க மூன்று தரம் கேட்டார், அதுவும் நீங்கவில்லை. உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியோடு விட்டுவந்தார், அவன் விசுவாசத்தைக் குறை சொல்லி ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்டது கைக்கு வரும் என்று நம்புவது ஒன்று, கேட்கப்பட்டவரை நம்புவது இன்னொன்று. தானியேல் புத்தகத்தில் அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேரும் "விடுவிக்க வல்லவராயிருக்கிறார்" என்று சொல்லிவிட்டு, "விடுவியாமற்போனாலும்" என்றும் சொன்னார்கள். நம் மேடைகளில் முதல் பாதிதான் முழங்குகிறது.

சரி, என்ன செய்யலாம்? வியாதிப்படுக்கைக்கு அருகில் பாவத்தைத் தோண்டுவதையும், மருந்தை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று சொல்வதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். இதில் பேரம் இல்லை. சாட்சி நேரத்தில் இன்னும் காத்திருக்கிற ஒருவரையும் மேலே கூப்பிடுங்கள். அவர் "இன்னும் கிடைக்கவில்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கட்டும். உடனே மைக்கை வாங்கி, "அடுத்த மாதம் கிடைக்கும், ஆமென் சொல்லுங்கள்" என்று சேர்க்காதீர்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்கிற 13-ஆம் சங்கீதத்தையும், இருளிலேயே முடிகிற 88-ஆம் சங்கீதத்தையும் வருடத்துக்கு ஒருமுறையாவது சபையாகச் சேர்ந்து வாசிக்க வையுங்கள்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வாக்குத்தத்த கார்டு கொடுப்பீர்கள். அதற்கு முன், போன வருடம் கேட்டது இன்னும் நடக்காதவர்களுக்காக ஐந்து நிமிடம் ஒதுக்கி ஜெபியுங்கள். அவர்களை எழுந்து நிற்கச் சொல்ல வேண்டாம், பெயரும் கேட்க வேண்டாம். அந்த அக்காவை நான் அழைத்து வருகிறேன்.

கிறிஸ்துவுக்குள் உங்கள்,
சபை விசுவாசி ஒருவர்