ஆடு செய்த சேட்டை எழுத்தில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்ணை விலங்குகளின் சேட்டைகளைச் சொல்லும் சிறுவர் படக்கதை நூல் ஒன்றுக்குச் சென்ற இதழில் வெளிவந்த மதிப்புரையைப் படித்தேன். கடைசிவரை ஒரு விலங்கும் திருந்துவதில்லை, குழந்தைகள் இதிலிருந்து கற்றுக்கொள்ள எதுவுமில்லை என்பது மதிப்புரையாளரின் குறை. அவர் வரிகளை மட்டும் வாசித்துவிட்டுப் படங்களைக் கடந்துபோயிருக்கிறார் என்றே எண்ணுகிறேன். ஏனெனில், எழுத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்நூலில் எந்த விலங்கும் சேட்டையே செய்வதில்லை.

வெள்ளாடு சமர்த்தாக நின்றது என்கிறது வரி. படத்திலோ அது பின்னங்கால்களில் எழும்பி, கொடியில் காயும் வேட்டியின் நுனியை மென்றுகொண்டிருக்கிறது. வாத்துக் குஞ்சுகள் கோழியின் பின்னால் வரிசையாக நடந்தன என்று படித்துப் பக்கத்தைத் திருப்பினால், குஞ்சுகள் அத்தனையும் குளத்தில் மிதக்க, கோழி கரையில் இறக்கையை அடித்துக்கொண்டு தவிக்கிறது. வீட்டுக்காரரோ எல்லாம் ஒழுங்காக நடப்பதாக நம்பிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி வேலி கட்டுகிறார்.

நூலக இயக்கத்தை வளர்த்த பி. என். பணிக்கரின் நினைவாக, கேரளத்தில் ஜூன் 19ஆம் நாளை வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறோம். இவ்வாண்டு அந்நாளில், சித்தூர் வட்டத்திலுள்ள எங்கள் ஊர் நூலகத்துக்கு வந்திருந்த தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இந்த நூலைத்தான் வாசித்துக் காட்டினேன். வெள்ளாடு சமர்த்தாக நின்றது என்று நான் முடிப்பதற்குள், இன்னும் பள்ளியில் சேராத ஒரு சிறுமி எழுந்து, "பொய்யி! அது வேட்டியத் திங்குது!" என்று கத்தினாள். அதன்பின் ஒரு வரியையும் அவர்கள் நம்பவில்லை. எழுத்துத் தெரிந்த பெரியவர் ஏமாற, எழுத்தறியாத குழந்தை உண்மையைக் கண்டுபிடிப்பதில்தான் இந்நூலின் சிரிப்பு முழுவதும் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஆட்டைக் கட்டிப்போட்டு நாலு புத்திமதி சொல்லியிருந்தால், அதுவரை ஜெயித்துக்கொண்டிருந்த குழந்தையின் கையிலிருந்து புத்தகம் மறுபடியும் பெரியவரின் கைக்கே போயிருக்கும்.

சேட்டைகளும் வெறும் கற்பனையல்ல. தரையில் புல் இருந்தாலும் எட்டாத தழையை எக்கிப் பறிப்பது வெள்ளாட்டின் இயல்பு. கோழியின் அடியில் வாத்து முட்டையை அடைவைப்பதும் எங்கள் பக்கத்தில் புதிதல்ல. கோழி முட்டை பொரிய 21 நாள், வாத்து முட்டை பொரிய ஏறக்குறைய 28 நாள். இந்த ஓவியர், அடையிலிருக்கும் கோழிக்குப் பின்புறச் சுவரில் 21 கரிக்கோடுகளை நேராகவும், அவற்றுக்குப் பக்கத்தில் இன்னும் ஏழு கோடுகளை, பொறுமை இழந்தவர் கிழித்தது போலக் கோணல்மாணலாகவும் வரைந்திருக்கிறார். அதைப் பற்றி எழுத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது. கோழி வளர்க்கும் வீட்டுப் பாட்டிமார்கள் அந்தப் பக்கத்தில் சிரித்தது குழந்தைகளுக்குப் புரியவில்லை என்பது வேறு விஷயம்.

எனக்கும் ஒரு குறை உண்டு. குட்டையில் கிடக்கும் எருமை, மேல்வரிசை முன்பற்கள் தெரியச் சிரிக்கிறது. மாடு, எருமை, ஆடு ஆகிய எதற்கும் மேல்தாடையில் முன்பல் கிடையாது. அங்கே கெட்டியான ஈறுதான் இருக்கும். எருமை சிரிப்பதை நான் ஏற்றுக்கொள்வேன்; இல்லாத பல்லைக் காட்டிச் சிரிப்பதைக் கறவை வீட்டுப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளவில்லை. மறுபதிப்பில் இதைத் திருத்தினால் நல்லது.

இவ்வளவும் ஓவியரின் கைவேலையாக இருக்க, மதிப்புரையில் எழுத்தாளர், பதிப்பகம், விலை, பக்கம் எல்லாம் இடம்பெற்றும் ஓவியரின் பெயர் மட்டும் விடுபட்டிருப்பது வருத்தமளிக்கிறது. சிறுவர் நூல்களை வெளியிடும் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டை 1957இல் தில்லியில் தொடங்கிய சங்கர், காயங்குளத்தில் பிறந்த ஒரு கார்ட்டூனிஸ்ட் என்பதைத் தங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. படக்கதை நூல்களுக்கான மதிப்புரைகளில் எழுத்தாளர் பெயருக்குச் சமமாக ஓவியர் பெயரையும் அச்சிடவும், அட்டையோடு உட்பக்கம் ஒன்றையும் சேர்த்து வெளியிடவும் வேண்டுகிறேன். இந்த நூலின் ஓவியர் பெயரை அடுத்த இதழிலேயே தெரிவித்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
நூலகப் பொறுப்பாளர் ஒருவர்,
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்.